ஏழு தட்டிலும் அதே சத்தம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய். நேரில் வந்தால் கதவைத் திறக்க மாட்டாய். எழுதினால் மட்டும் படிப்பேன் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். லிஃப்ட் மெக்கானிக் கையெழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி.

அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் கைத்தடி கொடுத்தார். அதை எங்கேயாவது வைத்துவிட்டு, அதைத் தேடி வீடு முழுக்கத் தடியில்லாமல் நடக்கிறாள். அந்த ஆபரேஷன் அன்று அத்தானை நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மூன்று வருஷம் பேசாமல் இருப்பாயா? நீ அவரை விட்டு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. உன் புருஷன் என்று எழுதினால் கடிதத்தைக் கிழித்துப்போடுவாய். அதனால் அத்தான் என்றே எழுதுகிறேன்.

இப்போது விஷயம். ஏழாவது பிரதி கிடைத்துவிட்டது அக்கா! அந்தக் கறுப்பு உறை ஆல்பம்தான், அத்தானுடைய குழுவில் நீ டிரம்ஸ் வாசித்த ஒரே ஆல்பம். லிஃப்ட் பழுது என்று ஒரு அடுக்குமாடிக்குப் போனேன். ஐந்தாவது மாடியில் வீடு காலி செய்கிறார்கள். வாசலில் பழைய ரெக்கார்டுகளைக் கட்டுக் கட்டாகப் போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்தால் மேலேயே இதுதான். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பாட்டு முடிந்த பிறகு லேபிளுக்கு முன்னால் ஒரு வெற்று வளையம் இருக்குமே, அங்கே ஊசியால் கீறின மாதிரி மூன்று சின்னக் கோடு. அப்படியானால் முதல் பிரஸ்ஸிங், முதல் தடவை அச்சிட்டது. மொத்தமே இருநூறுதான் போட்டார்கள். இரண்டாவது பிரஸ்ஸிங்கில் அந்தக் கோடும் கிடையாது, கடைசிப் பாட்டில் அந்த நான்கு நிமிஷமும் கிடையாது, நீளம் என்று அப்போதைய கம்பெனி வெட்டிவிட்டது. அந்த நான்கு நிமிஷத்துக்காகத்தான் எங்களை மாதிரிப் பைத்தியங்கள் ஊர் ஊராக அலைகிறோம். லிஃப்டை அப்படியே இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிட்டு வந்திருந்தேன், உள்ளே ஒரு வக்கீல் குமாஸ்தா கத்திக்கொண்டிருந்தார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு சந்தோஷச் செய்தி. ஒரு கம்பெனி அந்த ஆல்பத்தை முழுசாக மறுபடி அச்சிடப் போகிறது, அந்த நான்கு நிமிஷத்தோடு. அசல் டேப் பூஞ்சை பிடித்துப் போய்விட்டதாம். நல்ல முதல் பிரஸ்ஸிங் தட்டு ஒன்று கிடைத்தால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அத்தான் நேராக என் வீட்டுக்கே வந்து கேட்டார். என்னிடம் இருப்பதிலேயே கீறல் இல்லாத பிரதியைக் கொடுக்கப் போகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ அன்றைக்கு ஸ்டூடியோவில் இருந்தவள். இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு, மூன்று நிமிஷம் பன்னிரண்டாவது நொடியில் ஒரு சத்தம் வருகிறதே, டொக் என்று. அது என்ன?

உன் தம்பி

*

மார்ச் 11

தம்பிக்கு,

அந்தத் தட்டைக் கொடுக்காதே.

காரணம் கேட்காதே. மூன்று வருஷத்தில் உன்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். அவர் வந்தால் தொலைந்துவிட்டது என்று சொல், உடைந்துவிட்டது என்று சொல். பொய் சொல்லத் தெரியாதவன் மாதிரி நடிக்காதே, சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

இன்று காலையிலிருந்து பதினேழு பேருக்கு மாவுக்கட்டு போட்டேன். நகத்துக்குள் எல்லாம் சுண்ணாம்பு. இதற்கு மேல் எழுத முடியவில்லை. அம்மாவை எழுந்து எழுந்து உட்காரச் சொல்லு, படுத்தே கிடந்தால் முழங்கால் மடங்காமல் போய்விடும்.

அக்கா

*

மார்ச் 17

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிட்டேன்.

கொடுக்காமல் இருந்திருந்தாலும், உன் கடிதத்தைப் படித்த பிறகும் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. காரணம் சொல்லாமல் உத்தரவு போட நான் இன்னும் அரைக்கால் சட்டை போட்ட பையனா? உனக்கும் அத்தானுக்கும் ஒத்துவரவில்லை, பிரிந்தீர்கள். சரி. அதற்காக அவர் செய்த வேலையும் குப்பையா? அவர் பேர் வெளியே வரும்போதெல்லாம் உனக்கு ஏன் இப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது? நீ வாசித்த ஆல்பமும்தானே அது.

நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. அந்த டொக்கைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மரக்கட்டை என்றான் ஒருவன். நாற்காலிக்கால் என்றான் ஒருவன். பாதாம் கொட்டையை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தார்கள் என்று ஒருவர் மூன்று பக்கம் கட்டுரையே எழுதினார். பாதிப் பேர் அது தட்டில் விழுந்த கீறல் என்றார்கள். கீறலா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு தட்டில் கேட்டால் கீறலாக இருக்கலாம். இரண்டில் கேட்டால் சந்தேகம். அதற்குத்தான் அக்கா ஏழு வாங்கினேன். ஏழையும் கழுவி, ஒரே ஊசியில், ஒரே நாளில் போட்டுக் கேட்டேன். ஏழு தட்டிலும் அதே நொடியில் அதே சத்தம். அப்படியானால் அது கீறல் இல்லை, டேப்பிலேயே இருக்கிறது. அந்த அறையில் உண்மையாகவே எதுவோ உடைந்திருக்கிறது.

அத்தானிடம் கேட்டேன். சிரித்தார். "உங்க அக்காகிட்ட கேளு, அவதான் சொல்லணும்"னார். அதனால்தான் உன்னைக் கேட்டேன். அதற்குப் போய் இப்படி எரிந்து விழுகிறாயே.

தம்பி

*

மார்ச் 25

தம்பிக்கு,

சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சரி, அவரே என்னிடம் கேட்கச் சொல்லிவிட்டாரே, சொல்கிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

அந்த ஸ்டூடியோவில் ஒரு சட்டம் இருந்தது. டேப் ஓட ஆரம்பித்துவிட்டால் யாரும் நிறுத்தக் கூடாது. இருமல் வந்தால் இருமிக்கொண்டே வாசி, தந்தி அறுந்தால் அறுந்த தந்தியை வாசி. தப்பும் இசைதான் என்பார் உன் அத்தான். எங்களுக்கெல்லாம் அது பெரிய தத்துவம் மாதிரி இருந்தது. தலைகால் புரியாமல் ஆடினோம்.

அன்று காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். இரண்டு மணி வரைக்கும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசிப் பாட்டில் நான் தாளத்தைத் தவறவிட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவர் கிடாரைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். ஆளில்லாத ஒரு மைக் ஸ்டாண்டை எடுத்து, அதன் மேல் குழாயைத் திருகிக் கழற்றினார். அவசரமே இல்லை, நிதானமாகத் திருகினார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியும். வீட்டில் கை நீட்டாத நாள் குறைவு. ஆனால் வெளியில், ஆட்கள் முன்னால், அதுவரை கிடையாது. நான் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

முதல் அடி தோளில். கம்பளத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் நீ கேட்டிருப்பாய், அதுதான். இரண்டாவது முதுகில். மூன்றாவது தலைக்கு வந்தது. கையைத் தூக்கினேன். வலது மணிக்கட்டு.

அதுதான் உன் மூன்று நிமிஷம் பன்னிரண்டு நொடி. பாதாம் கொட்டை இல்லை.

பேஸ் கிடார் வாசித்தவர் கண்ணை மூடிக்கொண்டார். கீபோர்டு வாசித்தவர் குனிந்துகொண்டார். இரண்டு பேரும் வாசிப்பதை நிறுத்தவில்லை. எனக்கு அப்புறம் கீழே விழுந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

வீட்டில் என்ன சொன்னோம்? பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். அப்படிச் சொன்னவர் அவர்தான், என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். அம்மா நம்பினாள். அல்லது நம்புகிற மாதிரி இருந்தாள். பதினாறாம் நாள் அம்மா வீட்டிலிருந்து நீ உன் கம்பெனி வேனில் என்னை ஏற்றிக்கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாய். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் நீ என்ன சொன்னாய் தெரியுமா? "அத்தான் மாதிரி ஒரு ஆள் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்க்கா."

தட்டு வந்தபோது வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டினார். கடைசிப் பாட்டு ஆரம்பிக்கும்போது நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். இதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை.

எலும்பு ஒன்றுசேர்ந்தது, கோணலாக. அதற்குப் பிறகு என்னால் குச்சி பிடிக்க முடியவில்லை. இப்போது நாள் முழுக்க அடுத்தவர் எலும்பை நேராக்குகிறேன். அவர்கள் எல்லோரும் உடைந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். உடைகிற சத்தத்தை உடைத்தவனும் உடைந்தவனும் தவிர வேறு யாரும் கேட்பதில்லை. என்னுடையதை மட்டும் இருநூறு வீட்டில் கேட்கிறார்கள். இனிமேல் ஆயிரம் வீட்டில் கேட்பார்கள். நீதான் கொடுத்தாய்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அந்தச் சத்தத்தை இனிமேல் யாரும் கேட்கக் கூடாது. தட்டைத் திரும்ப வாங்கு.

அக்கா

*

ஏப்ரல் 1

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் அத்தானிடம் போய்க் கேட்டேன். தட்டைக் கேட்கவில்லை, முதலில் நடந்ததைக் கேட்டேன். அவர் ரொம்ப அமைதியாகப் பேசினார். நீ அன்று சாப்பிடாமல் மயங்கி, டிரம்ஸ் மேல் விழுந்து கை மடங்கியது என்கிறார். இத்தனை வருஷமாக உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை அவர். நீ வேண்டுமென்றே பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. பதினாலு வருஷத்துக்கு முந்தைய விஷயம், மனதில் ஒன்றோடு ஒன்று கலந்துபோகாதா? இரண்டு பக்கமும் கேட்பதுதானே நியாயம். மற்ற இரண்டு பேரையும் தேடிப் பிடித்துக் கேட்கலாம் என்று

அக்கா, மேலே எழுதியதை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும். என்ன ஆள் நான் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் மீதி ஆறு தட்டில் ஒன்றை எடுத்துப் போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். டொக்கை விட்டுவிட்டு அதற்கு முன்னால் இருப்பதைக் கேட்டேன். இத்தனை வருஷமும் அந்த நொடிக்காகவே காத்திருப்பேன், அதற்கு முன்னால் வருவதில் மனம் நிற்காது. முதல் தட்டலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில், கீபோர்டின் இரைச்சலுக்குக் கீழே ஒரு மூச்சு மாதிரி கேட்கும். மூச்சு என்றே எழுதியும் வைத்திருக்கிறேன். அது மூச்சு இல்லை. பேச்சு. "வாசிடி." அவர் குரல். ஆறு தட்டிலும் போட்டுப் பார்த்தேன். ஆறிலும் இருக்கிறது. "வாசிடி."

லிஃப்ட் ஓடும்போது மூன்றாவது மாடியில் நின்றுகொண்டு மோட்டாரில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் நான். கம்பெனியில் என் காதுக்கென்று ஒரு மரியாதை உண்டு. என் அக்காவை அடிப்பது கேட்கவில்லை எனக்கு.

நான் அங்கே போகிறேன்.

*

ஏப்ரல் 4

தம்பிக்கு,

விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். போகாதே. போனால் தட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடு. கொடுக்காவிட்டால் கம்பெனிக்கு நான் எழுதுகிறேன், டிரம்ஸ் வாசித்தவள் நான், எனக்கும் அதில் உரிமை இருக்கிறது. வக்கீலிடம் கேட்டுவிட்டேன். இதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவர்மேல் கை வைக்காதே. உனக்காகச் சொல்லவில்லை, எனக்காகச் சொல்கிறேன். நீ கை வைத்தால் அப்புறம் இது உங்கள் இரண்டு பேர் கதையாகிவிடும்.

அக்கா

*

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

இது ஜெயிலிலிருந்து. முகவரியைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். அம்மா சொல்லியிருப்பாள், போலீஸ்காரர்களும் உன்னிடம் வந்திருப்பார்கள். இருந்தாலும் என் கையால் எழுதிவிடுகிறேன்.

உன் விரைவு அஞ்சல் ஏழாம் தேதி காலையில் வந்தது. அதற்குள் மூன்று தடவை அவர் வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருந்தேன். கடிதத்தைப் படித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலாவது தடவை போனேன். படிக்காமல் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

டயர் கடைக்கு மேலே அவர் பயிற்சி அறை. உனக்குத் தெரியாது, புதுசு. சத்தம் வெளியே போகாமலிருக்க உள்ளே கம்பளம் ஒட்டின இரும்புக் கதவு. தட்டைக் கொடுங்கள் என்றேன். கம்பெனிக்கு நாளைக்கு அனுப்புகிறேன் என்றார். "வாசிடி"ன்னு சொன்னது யார் என்று கேட்டேன்.  உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"தாளம் விட்டா. ஒரு தட்டு தட்டினேன்"னார். "டேப் ஓடிட்டு இருந்துச்சு. அதுவா அமைஞ்சது. நான் என்ன பண்றது?"

"வெட்டி எறிஞ்சிருக்கலாமே அத்தான்"னு கேட்டேன். அப்போதுகூட அத்தான் என்றுதான் வந்தது வாயில்.

அதற்கு அவர் சொன்னார்: "அது இல்லைன்னா அந்த ஆல்பத்துல என்னடா இருக்கு? அந்த ஒரு சத்தத்துக்காகத்தானே இத்தனை வருஷமா நீ என் பின்னாடி சுத்துறே?"

உண்மைதான் அக்கா. அதனால்தான் அடித்தேன் என்று நினைக்கிறேன். உனக்காக என்று வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன், அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் அதைச் சொன்னபோதுதான் என் கை எழுந்தது.

முகத்தில் அடித்தேன். கண்ணாடி உடைந்து புருவத்தில் குத்திக்கொண்டது. அவர் வெளியே ஓடப் பார்த்தார். கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டார். இடது கை நிலையில் இருந்தது. கதவைச் சாத்தினேன். லிஃப்ட் கதவு என்றால் கை பட்டதும் திறந்துகொள்ளும். பதினேழு வருஷமாக என் வேலையே அதுதான், எந்தக் கதவும் யார் கையையும் நசுக்காமல் பார்த்துக்கொள்வது. இது வெறும் இரும்புக் கதவு. அவரைத் தோளால் அழுத்திக்கொண்டு, திறந்து மறுபடி சாத்தினேன். மூன்று தடவை. அவர் கத்தினது கம்பளத்தில் போய்ச் சேர்ந்தது, கீழே டயர் கடையில் ஒருவருக்கும் கேட்கவில்லை. நாலு விரல் உடைந்தது. அதில் இரண்டு இனிமேல் மடங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். இரண்டாவது தடவை சாத்தினபோது எலும்பு உடைந்தது கேட்டது. உடனே எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அதே சத்தம் என்று தோன்றியது. கொஞ்சம் கனம் அதிகம், ஆனால் அதேதான் என்று. அவர் அலறிக்கொண்டிருக்கிறார், நான் நின்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன் அக்கா. அதற்குப் பிறகு மூன்றாவது தடவை சாத்தினேன். சரிதானா என்று கேட்பதற்காகச் சாத்தினேனோ என்று பயமாக இருக்கிறது.

தட்டைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏழும் என் அலமாரியில் ஒன்றாக இருக்கின்றன. மறுநாள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

வக்கீல் நல்லவர்தான். கோபத்துக்குக் காரணம் இருந்தது என்று கோர்ட்டில் காட்ட வேண்டும் என்கிறார். "அந்தத் தட்டைப் போட்டுக் காட்டினா போதும், ஜட்ஜே ஆடிப்போயிடுவாரு"ங்கிறார். அப்படிச் செய்தால் ஐந்து வருஷம் இரண்டாகக் குறையுமாம். ஆனால் அது உன் கை என்று நீ வந்து சொல்ல வேண்டும். உன் சம்மதம் இல்லாமல் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே ரொம்பச் சத்தம். எல்லாக் கதவும் இரும்பு. என்னால் தாங்க முடியவில்லை அக்கா. வருவாயா?

தம்பி

*

மே 3

தம்பிக்கு,

போக வேண்டாம் என்று உனக்கு எழுதினேன். படித்துவிட்டுப் போயிருக்கிறாய். அவரும் அப்படித்தான். நான் வேண்டாம் என்று சொன்னது எப்போதுமே அவர் காதில் விழும், விழுந்த பிறகுதான் அடிப்பார்.

எனக்காக என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதே. ஊரெல்லாம் இப்போது அந்த ஆல்பத்தைப் பற்றித்தான் பேச்சு. தெரியாதவர்களெல்லாம் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்களாம். போதாக்குறைக்கு உன் வக்கீல் அதைக் கோர்ட்டில் போட வேண்டும் என்கிறார். ஜட்ஜ் கேட்பார், குமாஸ்தா கேட்பார், வாசலில் நிற்கிற போலீஸ்காரர் கேட்பார். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை போடுங்கள் என்று ஒருவர் சொல்வார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. யாரும் கேட்கக் கூடாது என்பது மட்டும்தான்.

கம்பெனிக்கு எழுதினேன். மறு அச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு கடிதம், ஒரு தபால்தலை. அவ்வளவுதான் ஆயிற்று.

நேற்று அம்மா வீட்டுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டு உன் அலமாரியைத் திறந்தேன். ஏழையும் எடுத்துக் கூடத்தில் அடுக்கினேன். "அவனுக்கு அது உயிரும்மா, எதுக்கு எடுக்குறே?" என்றாள். உட்கார், கேள் என்றேன். ஒன்றை எடுத்துப் போட்டேன். குழாயைத் திறந்துவிட இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை.

அந்தச் சத்தம் வந்ததும் அம்மா, "இது என்ன?" என்றாள். என் கை என்றேன். பாத்ரூமில் உடையவில்லை, இதில்தான் உடைந்தது என்றேன்.  அவள், "இதையா அவன் தினம் போட்டுக் கேட்டான்? இதைக் கேட்டுக்கிட்டே நான் காய் நறுக்கியிருக்கேனே" என்றாள். 

நான் தட்டை நிறுத்தவில்லை. எலும்பு உடைந்ததும் கீழே விழுந்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அதற்குப் பிறகு நாற்பது நொடி டிரம்ஸ் கேட்கிறது. இடது கையும் காலும் மட்டும். தடுமாறுகிறது, தேய்கிறது, ஆனால் தாளம் தப்பவில்லை. அதற்கு முன்னால் மூன்று தடவை தப்பினவள், உடைந்த கையோடு நாற்பது நொடி ஒரு இடத்தில்கூடத் தப்பாமல் வாசித்திருக்கிறேன். பயம். நிறுத்தினால் நாலாவது அடி விழும் என்ற பயம். அந்த ஒரு நொடியைப் பற்றி நீங்கள் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். அந்த நாற்பது நொடியைப் பற்றி ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அழுகை வந்தது. அம்மா முன்னால் அழுதேன்.

அப்புறம் உடைத்தேன். ரெக்கார்டு அவ்வளவு சுலபமாக உடையாது தெரியுமா? முதலில் வளைகிறது. முழங்காலில் வைத்து இரண்டு பக்கமும் அழுத்தினேன். வலது மணிக்கட்டுக்கு அவ்வளவு பலம் இல்லை. மூன்றாவது தட்டில் அம்மா வந்து கீழே உட்கார்ந்தாள். அந்த முழங்காலோடு. மறு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள். நாலு, ஐந்து, ஆறு, ஏழு. துண்டு தெறித்து அவள் கன்னத்தில் கீறிவிட்டது. துடைத்துக்கொண்டு அடுத்ததை எடு என்றாள். கூடம் முழுக்கக் கறுப்புச் சில்லு. பெருக்கி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

நீ பல வருஷம் அலைந்து சேர்த்தது. உனக்கு வலிக்கும் என்று தெரியும். வலிக்கட்டும். வெளியே இன்னும் எத்தனை பிரதி இருக்கிறது, யார் யார் வீட்டில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். உள்ளே உட்கார்ந்துகொண்டு ஒரு பட்டியல் எழுது. ஒவ்வொருவருக்கும் கடிதம் போடப் போகிறேன். உன்னால் எனக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

உன் வக்கீலிடம் சொல்லிவிடு, கோர்ட்டில் போட்டுக் காட்ட இனிமேல் தட்டு இல்லை. உனக்கு ஐந்து வருஷம் கொடுத்தாலும் சரி. ஆனால் என்னைக் கூப்பிடட்டும், வருகிறேன். கூண்டில் ஏறி நின்று, அன்று காலை பத்து மணியிலிருந்து நடந்ததை என் வாயால் சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அக்கா